பிளந்துபோன சுவடிப் பலகை



ஏட்டுச் சுவடிக்கு மேலும் கீழும் வைத்துக் கட்டும் மரப்பலகையைப் பற்றித்தான் இன்று கதைக்கப்போகிறேன். டண்டினொங் பக்கத்தில் எங்கள் ஆட்களின் வீடுகளில் அப்பப்பாவின் வைத்திய ஏடோ பழைய சாதகக் கட்டோ எங்கேனும் இருக்கக் கூடும். ஓலை நன்றாக இருக்க, பலகை மட்டும் நீளவாக்கில் பிளந்திருந்தால் என்ன செய்வது?

‘எங்கட வீட்டுக் கட்டில என்ன பெரிசா இருக்கப்போகுது’ என்று சொல்லாதீர்கள். 1981இல், மே 31 இரவு தொடங்கிய அழிவில், யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு அரிய ஓலைச் சுவடிகளும் எரிந்துபோயின. அதன் பிறகு வீடுகளில் மிஞ்சிய ஒவ்வொரு கட்டும் பெறுமதியானது.

சுவடியில் இரண்டு துளைகள் இருக்கும். ஒன்றில் நாராசம் என்ற கம்பியோ மூங்கில் குச்சியோ செல்லும். மற்றதில் கயிறு. பிளவு பெரும்பாலும் இந்தத் துளைகளின் வழியாகத்தான் ஓடும், ஏனென்றால் பலகை அங்கேதான் பலவீனம். மரம் ஈரத்தில் அகலவாக்கில் விரியும், காய்ந்தால் சுருங்கும். யாழ்ப்பாணத்துக் கடற்காற்றில் இருந்த பலகை, மெல்பேர்ணில் குளிர்காலம் முழுக்க ஹீட்டர் காற்றிலும், கோடையில் வடக்கிலிருந்து வீசும் வறண்ட காற்றிலும் கிடந்தால் வெடிக்காமல் என்ன செய்யும்? ஐரோப்பாவின் பழைய புத்தகங்களுக்குப் போட்ட ஓக் பலகைகளும் இப்படித்தான் பிளக்கின்றன. கயிற்றை இறுக்கிக் கட்டுவதும் துருப்பிடித்து ஊதிய நாராசமும் இன்னும் இரண்டு காரணங்கள்.

ஆகவே முதல் வேலை ஒட்டுவதல்ல. கட்டை ஹீட்டர் வாயிலிருந்தும் யன்னல் வெயிலிலிருந்தும் எடுத்து, ஒரு பெட்டிக்குள் வைத்துச் சில வாரங்கள் விடுங்கள். வளைந்த பலகை ஓரளவு தானாகவே நிமிரக் கூடும்.

பிறகு பலகையைச் சுவடியிலிருந்து முற்றாகக் கழற்ற வேண்டும். ஓலை உள்ளே இருக்க ஒட்டவே கூடாது. கழற்றுவதற்கு முன் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். உள்பக்கத்தில் பெயரோ ஆண்டோ கீறியிருந்தால் அந்த இடத்தைத் துடைக்க வேண்டாம். உடைந்த இரண்டு துண்டுகளையும் பசையில்லாமல் பொருத்திப் பாருங்கள். மயிரிழை கூடத் தெரியாமல் சேர்ந்தால் ஒட்டலாம். இடைவெளி தெரிந்தால் இழுத்து மூட வேண்டாம், பக்கத்தில் இன்னொரு வெடிப்பு வரும்.

பசைக்கு எங்கள் தச்சர்மார் பாவித்த வச்சிரம்தான் நல்லது. இளஞ்சூட்டில் கரைத்து மெல்லிய தூரிகையால் தடவி, துண்டுகளைச் சேர்த்து, துணிநாடாவால் மெதுவாகச் சுற்றி, பேக்கிங் பேப்பர் விரித்த சமதளத்தில் ஒரு நாள் விடுங்கள். துளைக்குள் பசை இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வச்சிரத்தின் சிறப்பு, நாளைக்கு வேறொருவர் வெந்நீரும் பொறுமையும் கொண்டு அதைத் திரும்பக் கழற்றலாம் என்பது. சூப்பர் குளூவும் அரால்டைற்றும் அப்படியல்ல. அவற்றில் ஒட்டியது அடுத்த முறை ஒட்டில் விடாது, மரத்தில்தான் உடையும். ஆணி, செலோடேப், பளபளப்புக்கு வார்னிஷ் எதுவும் வேண்டாம்.

செல்லரித்த பலகை, வர்ணம் தீட்டிய பலகை, உளுத்துத் தூளாகும் பலகை ஆகியவற்றை வீட்டில் தொடாதீர்கள். பழம்பொருள் பாதுகாப்பாளர்களின் அவுஸ்திரேலியச் சங்கமான ஏ.ஐ.சி.சி.எம்., தனியாகத் தொழில் செய்யும் நிபுணர்களின் பட்டியலை வைத்திருக்கிறது. செலவு அதிகம் என்றால், பழைய பலகையைத் துணியில் சுற்றித் தனியே வைத்துவிட்டு, அமிலமற்ற தடித்த அட்டை இரண்டைச் சுவடியின் அளவுக்கு வெட்டி அதன் இடத்தில் வையுங்கள். பார்க்க வடிவில்லைதான், ஆனால் ஓலைக்கு ஒரு கெடுதியும் வராது.

ஊரிலிருந்து கட்டைக் கொண்டுவர நினைப்பவர்களுக்கு ஒன்று: மரமும் ஓலையும் இங்கே விமான நிலையத்தில் கட்டாயம் அறிவிக்க வேண்டியவை. பழம்பொருளை இலங்கையிலிருந்து வெளியே எடுக்கத் தொல்லியல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். அதைவிட அங்கேயே வைத்து, 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தைக் கொண்டு ஏட்டைப் படமெடுப்பிக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். பலகையையும் சேர்த்துப் படமெடுக்கச் சொல்லுங்கள்.