கிராம வாழ்வும் சிறு கைத்தொழிலும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



ஆலை வந்தாற்றான் கிராமத்துக்குச் செல்வம் வரும் என்று எண்ணுவோர் பலர். பள்ளிக்கூடத்திலே மான்செஸ்டர் பஞ்சாலைகளைப் பற்றி நெட்டுருப் பண்ணிய நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். எங்கள் வீட்டுத் திண்ணையிலே ஆச்சி இழைத்த பெட்டியும் ஒரு தொழிலென்பது அப்பொழுது என் புத்திக்கு எட்டவில்லை.

யாழ்ப்பாணத்துப் பனையையே எடுத்துக்கொள்ளுங்கள். பாத்தி கிண்டி எடுத்த கிழங்கை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல்; அவியாமற் காயவைத்தால் ஒடியல். பழக்களி காய்ந்தாற் பனாட்டு. கருப்பநீரைக் காய்ச்சினாற் பனங்கட்டி. இவற்றுக்கு மூலப்பொருள் வெளியூரிலிருந்து வரவேண்டியதில்லை. கூலியும் இலாபமும் ஊரிலேயே தங்கும். அந்தப் பணத்தைக் கொண்டே அயலிலுள்ள கடைக்காரரும் தச்சரும் தையற்காரரும் பிழைப்பர்.

அப்படியானால் குறை எங்கே? திறமையிலன்று, கைமுதலிலே. பணமுடையால் எல்லோரும் ஒரே காலத்திற் பொருளை விற்கிறார்கள்; விலை விழுகிறது. முற்பணம் வாங்கியவருக்கோ, கொடுத்த வியாபாரி சொன்னதே விலை.

வங்காளதேசத்திலே ஜோப்ரா என்னும் கிராமத்தில் மூங்கில் முக்காலி செய்த பெண்களின் கதியும் இதுவே. 1976ஆம் ஆண்டிலே பேராசிரியர் முகம்மது யூனுஸ் அவர்கள் 42 பேருக்கு மொத்தம் 27 டொலர் கடன் கொடுத்து அவர்களை விடுவித்தார். அம்முயற்சியே 1983இல் கிராமீன் வங்கியாக மலர்ந்தது.

ஆயினும், கடன் மட்டும் மருந்தாகாது. நம் வட மாகாணத்திலேயே உயர்ந்த வட்டிக்கு நுண்கடன் வாங்கிய பெண்கள் பலர் நலிந்தனர். 2018இல் அரசாங்கம் அக்கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய நேர்ந்தது. சந்தையும் களஞ்சியமும் இல்லாதவருக்குக் கடன் மேலும் ஒரு சுமையே. பனை அபிவிருத்திச் சபை 1978 முதல் உண்டு. கூட்டுறவுச் சங்கங்களும் உண்டு. பொருளைச் சேர்த்துவைத்து, தரம் பிரித்து, விலை வந்தபொழுது விற்பதற்கு அச்சங்கங்கள் வலுப்பெறல் வேண்டும்.

வாலிபர்களே! நாம் கற்ற கணக்கு கொழும்புக் கந்தோர் உத்தியோகத்துக்கு மாத்திரந்தானா? ஊர்ச் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தை எழுதவும், வெளியூர்ச் சந்தைக்குக் கடிதம் போடவும் மாதத்தில் இரண்டு நாளை நாம் ஒதுக்கலாகாதா? உத்தியோகம் கிடைக்கும்வரை காத்திருந்து ஊரை மறப்பதிலும் இது எவ்வளவோ மேலானது.

பெட்டி இழைத்த கையே அதன் விலையையும் சொல்லும் நாளை நாம் உண்டாக்குவோமாக.