வாசல் குழாய் சொட்டுகிறதா? முதலில் துடைத்துப் பாருங்கள்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டுக்கு வெளியே இருக்கும் குழாயில் கசிவு என்பது சின்ன விஷயம்தான். ஆனால் நம் பகுதியில் அதைத் தனியாகப் பேசக் காரணம் இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்காசி, குற்றாலம், இலஞ்சி, செங்கோட்டை எல்லாமே சாரலில் நனைந்து கிடக்கும். தரையும் ஈரம், சுவரும் ஈரம். குழாயடி ஈரத்தை யார் தனியாகக் கவனிப்பார்கள்? சீசன் முடிந்து வெயில் அடிக்கும்போதுதான் அந்த ஒரு இடம் மட்டும் காயவில்லை என்று தெரியும். அதற்குள் மூன்று மாதத் தண்ணீர் போயிருக்கும்.

எவ்வளவு போகிறது என்று நீங்களே அளக்கலாம். சொட்டும் குழாயின் கீழ் ஒரு பாத்திரத்தை ஒரு மணி நேரம் வையுங்கள். அரை லிட்டர் சேர்ந்தால், நாளுக்கு 12 லிட்டர், மாதத்துக்கு 360 லிட்டர். அதை மேல்தொட்டிக்கு ஏற்றிய மின்சாரமும் அதோடு போகிறது. தேங்கும் தண்ணீரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும்.

வெளிக்குழாய் ஏன் முதலில் கெடுகிறது? தொட்டியிலிருந்து ஒவ்வொரு 10 மீட்டர் இறக்கத்துக்கும் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் கூடும். தரையோடு இருக்கும் வாசல் குழாய்க்கு மாடிக் குழாயைவிட அழுத்தம் அதிகம். வெயிலும் மழையும் அதன் மேல்தான்.

இனி, கசிவைக் கண்டுபிடிப்பது. குழாயையும் சுற்றியுள்ள சுவரையும் பழைய துணியால் நன்றாகத் துடையுங்கள். மழை படாத நேரமாகப் பார்த்து, பத்து நிமிடம் கவனியுங்கள்.

மூடிய குழாயின் வாயில் சொட்டினால் கோளாறு வாஷரில். திறக்கும்போது கைப்பிடியின் அடியில் கசிந்தால் கிளாண்ட் நட்டில். குழாய் சுவரோடு சேரும் இடத்தில் கசிந்தால் மரையில். மூன்றும் இல்லாமல் சுவர் மட்டும் ஈரமாக இருந்தால், இரவில் மோட்டாரை நிறுத்தி, எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, மேல்தொட்டியில் நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. சுவருக்குள் பைப் கசியலாம். அது பிளம்பர் வேலை. மற்ற மூன்றையும் பெரும்பாலும் நாமே பார்க்கலாம்.

எதற்கும் முன்னால் தொட்டியிலிருந்து இறங்கும் பைப்பில் உள்ள கேட் வால்வை மூடி, குழாயைத் திறந்து, மிச்சத் தண்ணீரை வடிய விடுங்கள்.

வாஷர் மாற்ற, குழாயின் உடலை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு ஸ்பேனரால் மேல் பகுதியை இடப்பக்கமாகத் திருகிக் கழற்றுங்கள். தண்டின் அடியில் இருக்கும் வாஷர் பள்ளம் விழுந்தோ இறுகியோ இருக்கும். அதைக் கடைக்குக் கொண்டுபோய் அதே அளவில் வாங்குங்கள், சில ரூபாய்தான். புதிதைப் போடுவதற்கு முன், வாஷர் உட்காரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். மணலோ உப்புப் படிவோ இருந்தால் துடைத்துவிடலாம். அங்கே பித்தளையே அரித்திருந்தால் புது வாஷரும் நிற்காது, குழாயையே மாற்றுங்கள்.

கிளாண்ட் நட் என்றால் கால் சுற்று இறுக்கினாலே பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் நட்டைக் கழற்றி, தண்டைச் சுற்றி டெஃப்லான் டேப்பைக் கயிறுபோல் முறுக்கி வைத்து மறுபடி இறுக்குங்கள்.

மரையில் கசிந்தால் குழாயைக் கழற்றி, பழைய நூலையும் டேப்பையும் சுத்தமாக எடுத்துவிட்டு, மரையின் முனை நம்மைப் பார்த்திருக்க, கடிகார முள் சுற்றும் திசையில் புது டேப்பை இறுக்கமாகச் சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் பூட்டும்போது பிரிந்துவிடும்.

கால் சுற்றில் திறக்கும் புதுக் குழாய்களில் பெரும்பாலும் வாஷருக்குப் பதில் கார்ட்ரிட்ஜ் இருக்கும். அதை முழுதாக மாற்ற வேண்டும். வெயிலில் வெளுத்த பிளாஸ்டிக் குழாயைப் பழுதுபார்க்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பழைய இரும்பு பைப் உள்ள வீடுகளில் குழாய் அசையவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள். துருப்பிடித்த துண்டு சுவருக்குள்ளேயே முறிந்தால், சில ரூபாய் வேலை சுவரை உடைக்கும் வேலையாகிவிடும். அதேபோல் சொட்டுகிற குழாயை மேலும் மேலும் இறுக்கி மூடுவதும் கூடாது. வாஷர் இன்னும் சீக்கிரம் நசுங்கும்.

அந்த மாதிரி நேரத்தில் நம்மைக் காப்பாற்றுவது கேட் வால்வுதான். ஆண்டுக்கணக்கில் தொடாமல் விட்டால் அது இறுகிப் போகும். நம் காலாண்டிதழ் வரும்போதெல்லாம் அதை ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள். நினைவில் வைக்க எளிது.

கடைசியாக ஒரு கோரிக்கை. நம் தெருக்களில் பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாக வசிக்கும் பெரியவர்கள் பலர். சின்ன வேலைக்குப் பிளம்பர் வர நாளாகும் என்பது எல்லாருக்கும் தெரியும். இரண்டு ஸ்பேனர், அரை அங்குல வாஷர் பத்து, டெஃப்லான் டேப் இரண்டு, இவற்றை ஒரு பையில் போட்டுச் சங்க அலுவலகத்தில் வைக்கச் செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். தெருவுக்கு ஒருவர் பொறுப்பெடுத்தால், அடுத்த சாரலுக்குள் நம் பகுதியில் சொட்டும் குழாயே இல்லாமல் செய்துவிடலாம்.