நாற்காலி கொடுத்தோம், பாதை கொடுத்தோமா?

(டிசம்பர் 3, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினத்தையொட்டி நமது அறக்கட்டளை மண்டபத்தில் நடைபெற்ற குடும்பங்கள் சந்திப்பில் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



முதலில் இன்று மாலை இந்த வாசலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இந்த மண்டபத்துக்கு மூன்று படிகள். சக்கர நாற்காலியில் வந்த மூன்று சகோதரர்களை நம் தொண்டர்கள் நாற்காலியோடு தூக்கி உள்ளே கொண்டுவந்தார்கள். அல்லாஹ் அந்தப் பிள்ளைகளுக்கு நற்கூலி வழங்குவானாக. ஆனால் நாம் அழைப்பு அனுப்பிய சகோதரிகளில் சக்கர நாற்காலியில் இருப்பவர் ஒருவர்கூட வரவில்லை. ஏன் என்று ஒரு வீட்டுக்குப் போன் செய்து கேட்டேன். "படியிலே யாரு காக்கா தூக்குவா?" என்று அந்தத் தாய் கேட்டார். நான் பதில் சொல்ல முடியாமல் போனை வைத்தேன்.

வயது வந்த ஒரு பெண்ணை, ஊர் பார்க்க, அந்நிய ஆண்கள் நான்கு பேர் தூக்குவதா? நம் வீட்டுப் பெண்ணுக்கு அதை நாம் சம்மதிப்போமா? மாட்டோம். அப்படியானால் அந்தப் பெண் வரக்கூடாது என்று முடிவு செய்தது யார்? நம் வாசலில் இருக்கும் அந்த மூன்று படிகள்தான். அந்தப் படிகளைக் கட்டியது நாம்.

அந்த வீட்டுக்கு நான் முன்பே போயிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு நமது அறக்கட்டளைதான் சக்கர நாற்காலி கொடுத்தது. நம் செய்தி மடலில் படமும் வந்தது. உதவி பெற்றவர்களின் விவரங்களைச் சரிபார்க்கப் போனபோது, அந்த நாற்காலி அறையின் மூலையில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. கைப்பிடியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. பழுதா என்று கேட்டேன். "நாற்காலி நல்லாத்தான் இருக்கு காக்கா. எங்கே தள்ளிக்கிட்டுப் போறது?" என்றார் அந்தத் தாய்.

அவர்கள் வீட்டிலிருந்து கடல் நான்கு தெரு தூரம். இரவில் அலைச் சத்தம் கேட்கும். அந்தப் பெண் கடைசியாகக் கடலைப் பார்த்தது பதினோராவது வயதில். அதுவரை வாப்பா தூக்கிக்கொண்டு போவார். பிள்ளை வளர்ந்தாள், வாப்பாவுக்கு வயதானது, போக்குவரத்து நின்றுவிட்டது. அஸருக்குப் பிறகு நாமெல்லாம் குடும்பத்தோடு போய்க் காற்று வாங்கும் அதே கடற்கரைதான். நமதூரில் பெண்களும் பிள்ளைகளும் வீட்டை விட்டு வெளியே வந்து மூச்சு விடுவதற்கு அதைத் தவிர வேறு என்ன இடம் இருக்கிறது?

சகோதரர்களே, நம் மார்க்கம் இதில் என்ன காட்டியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாததில்லை. அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பார்வையற்ற ஸஹாபி. அவர்கள் நிமித்தமாக 'அபஸ' என்ற அத்தியாயமே இறங்கியது. அந்த வரலாற்றை மதரஸாப் பருவத்திலேயே ஓதியிருக்கிறோம். நான் சொல்ல வருவது அதற்கு அடுத்த செய்தி. நபி (ஸல்) அவர்கள் அந்த ஸஹாபியை மதீனாவில் பாங்கு சொல்பவராக வைத்தார்கள். பிலால் (ரலி) அவர்கள் இரவிலேயே பாங்கு சொல்வார்கள்; இப்னு உம்மி மக்தூம் பாங்கு சொல்லும்வரை உண்ணலாம், பருகலாம் என்பது ஊருக்கான ஏற்பாடு. பார்வையற்றவருக்கு விடிந்தது எப்படித் தெரியும்? விடிந்துவிட்டது என்று மக்கள் அவர்களிடம் சொல்வார்கள். அதன் பிறகு அவர்கள் பாங்கு சொல்வார்கள். புகாரியில் வரும் செய்தி இது.

யோசித்துப் பாருங்கள். ஓர் ஊரின் நோன்பே ஒரு பார்வையற்றவரின் குரலைக் கொண்டு தொடங்கியது. பாவம், கண் தெரியாதவர், வீட்டில் இருக்கட்டும், மாதம் ஒரு மூட்டை கோதுமை அனுப்பிவிடுவோம் என்று அந்தச் சமுதாயம் விட்டுவிடவில்லை. அவரால் முடியாத ஒரு காரியத்தை மட்டும் மற்றவர்கள் செய்துகொடுத்தார்கள். அவருடைய இடம் அவருக்குக் கிடைத்தது. நாம் நாற்காலி என்ற கோதுமை மூட்டையைக் கொடுத்தோம். "விடிந்துவிட்டது" என்று சொல்லும் அந்த ஓர் ஏற்பாட்டைச் செய்யவில்லை.

சட்டமும் இதையே கேட்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஏற்கனவே உள்ள பொதுக் கட்டடங்களை, விதிகள் வெளியானதிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் மாற்றி அமைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. ஐந்து ஆண்டுகள் 2022-லேயே முடிந்துவிட்டன. பொதுக் கட்டடம் என்றால் அரசு அலுவலகம் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். பொதுமக்கள் வந்து போகும் தனியார் கட்டடமும், வழிபாட்டுக்கான கட்டடமும் அந்த வரையறைக்குள் வருகின்றன. இந்த மண்டபமும் வரும், நம் பள்ளிவாசல்களும் வரும்.

கடற்கரையில் இதெல்லாம் முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். சென்னை மெரினாவில் செய்திருக்கிறார்கள். முன்பு டிசம்பர் மாதத்தில் சில நாள்களுக்கு மட்டும் தற்காலிகப் பாதை போடுவார்கள். மாற்றுத்திறனாளிகள் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2022 நவம்பர் 27 அன்று, விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மணலின் குறுக்கே 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்தில் நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. செலவு சுமார் 1 கோடியே 14 லட்சம் ரூபாய். அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதன்முறையாகப் பலர் அலை ஓரத்துக்குப் போனார்கள்.

அதோடு கதை முடியவில்லை. திறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் வந்தது. பாதையின் ஒரு பகுதி சேதமடைந்தது. பிறகு சரிசெய்தார்கள். கடலோரத்தில் வாழும் நமக்கு இதில் பாடம் இருக்கிறது. கட்டுவது ஒரு தடவை, பராமரிப்பது ஒவ்வொரு நாளும். காற்று மணலை அள்ளிப் பாதை மேல் போடும். அதைக் கூட்டித் தள்ள ஆள் இல்லாவிட்டால் ஒரே மாதத்தில் பாதை காணாமல் போகும்.

சரி, நமதூருக்கு வருவோம். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சக்கர நாற்காலியில் ஒரு சகோதரர், பார்வையற்ற சகோதரர் ஒருவர், நானும் இரண்டு இளைஞர்களும் அந்தப் பெண்ணின் வீட்டு வாசலிலிருந்து கடற்கரை வரை போனோம். சக்கரம் நிற்கும் இடத்தையெல்லாம் குறித்துக்கொண்டோம். மொத்தம் 11 இடங்கள்.

வடிகால் மூடி உடைந்த இடங்கள் இரண்டு. திடீரென்று சாலை அரை அடி இறங்கும் இடம் ஒன்று. கடற்கரை நுழைவில் பைக் போகக்கூடாது என்று நட்டிருக்கும் கம்பங்கள்; இடைவெளி இரண்டு அடி, நாற்காலியின் அகலம் 26 அங்குலம். ஆக நகராட்சி சரிசெய்ய வேண்டியவை நான்கு. மீதி ஏழும் யாருடையவை? தெருவுக்குள் நீண்டிருக்கும் வீட்டுப் படிகள், குறுக்கே நிறுத்திய பைக்குகள், கடைக்கு வெளியே வைத்த போர்டு, வீடு கட்டக் கொட்டிய மணல். எல்லாம் நம்முடையவை. அந்த ஏழில் ஒன்று என் வீட்டுப் படி. வெட்கத்தோடுதான் சொல்கிறேன். பார்வையற்ற சகோதரரின் முழங்கால் இடித்தது அந்தப் படியில்தான்.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். நாம் முள்ளையும் கண்ணாடிச் சில்லையும்தான் இடையூறு என்று நினைத்தோம். சக்கரத்தில் போகிறவருக்கு நான்கு அங்குலப் படியும் இடையூறுதான்.

இன்னொரு கேள்வியும் காதில் விழுகிறது: "கொஞ்சப் பேருக்காக இவ்வளவு செலவா?" 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மட்டும் மாற்றுத்திறனாளிகள் 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கும் மேல். நம் கண்ணில் கொஞ்சப் பேராகத் தெரிவதற்குக் காரணம், மற்றவர்கள் வீட்டை விட்டு வெளியே வர முடியாததுதான். சர்க்கரை நோயால் காலை இழந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், மூட்டு வலியால் பள்ளிவாசல் படி ஏற முடியாமல் ஜும்ஆவை விட்டவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அல்லாஹ் ஆயுளைத் தந்தால் நாமும் ஒரு நாள் அந்த வரிசையில்தான் நிற்போம்.

இனி என்ன செய்யப் போகிறோம் என்று சொல்கிறேன்.

முதலாவது, இந்த மண்டபம். மூன்று படிகளின் மொத்த உயரம் 18 அங்குலம். ஓர் அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் என்பது சாய்தளத்தின் கணக்கு. நமக்கு 18 அடி தேவை. வாசலுக்கு முன்னால் அவ்வளவு இடமில்லை. ஆகவே பக்கவாட்டுச் சுவரை ஒட்டி ஒன்பது அடி ஏறி, நடுவில் நாற்காலி திரும்ப ஐந்து அடிச் சதுரம் விட்டு, மறுபடியும் ஒன்பது அடி ஏறும்படி கட்டப்போகிறோம். இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி இருக்கும். அவசரத்துக்குச் செங்குத்தாக ஒரு சரிவைப் பூசிவிட்டுச் சாய்தளம் என்று பெயர் வைக்க மாட்டோம்; அதில் ஏற்றும்போது நாற்காலி பின்னால் கவிழும். நிர்வாகக் குழு ஒப்புதல் தந்துவிட்டது.

இரண்டாவது, தெரு. அந்த ஏழு இடங்களின் உரிமையாளர்களிடம் நாங்களே வருவோம். சண்டைக்கு அல்ல, ஸலாம் சொல்லிக் கேட்பதற்கு. என் வீட்டுப் படியை வெட்டக் கொத்தனாரிடம் சொல்லியாயிற்று. அங்கிருந்தே தொடங்குவோம்.

மூன்றாவது, கடற்கரை. நகராட்சியிடம் அளவுகளோடும் படங்களோடும் மனு கொடுக்கிறோம். அதன் நகலை, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடமும் கொடுப்போம். கேட்பது இவைதான்: நுழைவில் ஒரு கம்ப இடைவெளியையாவது மூன்று அடியாக்க வேண்டும். மணல் தொடங்கும் இடம் வரை உறுதியான பாதை வேண்டும். அங்கிருந்து மணலின் மேல் மரப்பாதை, அதன் முடிவில் நான்கைந்து நாற்காலிகள் நிற்க ஒரு மேடை, நாற்காலி நுழையும் அகலத்தில் கதவுள்ள கழிவறை, விளக்கு. மணலில் நம் விருப்பத்துக்குச் சிமெண்ட் போட முடியாது. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் இருக்கின்றன, அனுமதி வாங்க வேண்டும். அதற்கு நாள் ஆகும். நாள் ஆகிறது என்று நாம் சும்மா இருக்கப் போவதில்லை.

சாதாரண நாற்காலியின் மெல்லிய சக்கரம் மணலில் புதையும். காற்றடைத்த அகலமான சக்கரம் கொண்ட கடற்கரை நாற்காலிகள் இருக்கின்றன. எடை பரவுவதால் அவை புதைவதில்லை. அப்படி இரண்டு நாற்காலிகளை அறக்கட்டளை வாங்கிப் பராமரிக்கும். வாரம் இரண்டு நாள் மாலையில் தொண்டர்கள் இருப்பார்கள். ஆண்களுக்கு ஆண்கள், பெண்களுக்குப் பெண்கள். சகோதரிகளிடமிருந்து குறைந்தது ஆறு பெயர்கள் வேண்டும். இன்று போகும்போது திரைக்கு அருகில் உள்ள பதிவேட்டில் எழுதிவிட்டுப் போங்கள்.

நான்காவது, பள்ளிவாசல்கள். ஜமாஅத் நிர்வாகிகளிடம் பணிவான கோரிக்கை. ஒரு பக்க வாசலில் சாய்தளம், உட்கார்ந்து ஒளுச் செய்ய எட்டும் உயரத்தில் ஒரு குழாய். சக்கரத்தில் தெரு அழுக்கு வருமே என்ற தயக்கம் நியாயமானதுதான். பள்ளிக்குள் மட்டும் பயன்படுத்தச் சுத்தமான நாற்காலி ஒன்றை வாசலில் வைக்கலாம். இங்கிருக்கும் உலமாக்கள் வழிகாட்டினால் அந்தச் செலவையும் அறக்கட்டளை ஏற்கும்.

தனித்துவ அடையாள அட்டை இல்லாதவர்கள் நம் அலுவலகத்துக்கு வாருங்கள், விண்ணப்பிக்க உதவுகிறோம். வர முடியாதவர்கள் தகவல் சொன்னால் போதும், நாங்கள் வருகிறோம்.

நாற்காலி கொடுப்பதை நிறுத்தப் போகிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். தொடர்ந்து கொடுப்போம். ஆனால் இனி நாற்காலிக்கு மனு வந்தால், அந்த வீட்டு வாசல் படியையும் அளந்துவிட்டு வருவோம். சாய்தளமும் சேர்ந்தால்தான் உதவி முடிந்ததாகக் கணக்கு எழுதுவோம். நம் மவுத்துக்குப் பிறகும் ஒருவர் அந்தச் சாய்தளத்தில் ஏறிப் பள்ளிக்குப் போனால், அந்த நன்மை நம்மை வந்து சேரும். ஸதகத்துல் ஜாரியா என்று கிணறு வெட்டினோம், மரம் நட்டோம். இதையும் அந்தப் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த சந்திப்பு ரமளானுக்கு முன்பு இதே மண்டபத்தில் நடக்கும். அன்றைக்கு இந்த வாசலில் யாரையும் யாரும் தூக்கக்கூடாது. அந்தத் தாய்க்கு மறுபடியும் போன் செய்வேன். படியில் யார் தூக்குவது என்று அவர் கேட்டால், படியே இல்லை என்று நான் பதில் சொல்ல வேண்டும். அதற்கு உங்கள் எல்லோருடைய உழைப்பும் துஆவும் தேவை.

யா அல்லாஹ், எங்கள் குறைகளை மன்னித்து, எங்கள் தெருக்களை எல்லோரும் நடமாடும் தெருக்களாக ஆக்கித் தருவாயாக. ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ்.