ஓடிப்போய்த் தூக்கும் முன்...



வேலையிடத்தில் நிகழும் இரசாயன விபத்துகள் பற்றிப் பேச வந்திருக்கிறோம். முதலில் நம்மவர்களின் நல்ல குணம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கண்ணெதிரே ஒருவர் விழுந்தால் நாம் வேடிக்கை பார்ப்பதில்லை, ஓடிப்போய்த் தூக்குவோம். பாராட்ட வேண்டிய குணம்தான். ஆனால் விழுந்தவர் நச்சு வாயுவால் விழுந்திருந்தால், அந்த நல்ல குணமே இன்னோர் உயிரையும் வாங்கிவிடும்.

2024 மே 23ஆம் தேதி சிங்கப்பூர் சுவா சூ காங் நீர் நிலையத்தில் தொட்டி சுத்தம் செய்யும் பணியின்போது ஹைட்ரஜன் சல்பைட் வாயு தாக்கி ஓர் இந்தியத் தொழிலாளர் உயிரிழந்தார். நம் நாட்டுத் தொழிலாளர்கள் இருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டனர்.

இந்த வாயு எங்கோ பெரிய ஆலையில் மட்டும் இருப்பதல்ல. சாக்கடைக் குழி, கழிவுநீர்த் தொட்டி, செம்பனை ஆலையின் கழிவுக் குளம் என எங்கெல்லாம் கழிவு அழுகுகிறதோ அங்கெல்லாம் உருவாகும். தொடக்கத்தில் அழுகிய முட்டை நாற்றம் வரும். பத்து இலட்சம் பங்கு காற்றில் 100 பங்கு அளவை எட்டினால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம். 1,000 பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் குழியின் அடியில் தேங்கி நிற்கும். ஒருவர் விழுகிறார், அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குகிறார், அந்த இருவரையும் தேடி மூன்றாமவர் இறங்குகிறார்.

குழி, தொட்டி போன்ற அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இல் எச்சரித்தது. சற்று எண்ணிப் பாருங்கள். முதலில் விழுந்தவரைவிட உதவப் போனவர்களே அதிகம்.

அப்படியானால் கை கட்டிக்கொண்டு நிற்பதா? இல்லை. உரக்கக் கத்துங்கள். மற்றவர் உள்ளே இறங்காமல் தடுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாக, மேடான இடத்துக்கு விலகுங்கள். 999 எண்ணை அழையுங்கள். இடம், இரசாயனத்தின் பெயர், உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் சொல்லுங்கள். தீயணைப்பு மீட்புத் துறையில் இரசாயன விபத்துக்கென்றே பயிற்சி பெற்ற குழு இருக்கிறது. அவர்கள் காற்று உருளையைச் சுமந்துகொண்டுதான் இறங்குவார்கள். முகத்தில் கட்டும் கைக்குட்டையும் காகித முகக்கவசமும் நச்சு வாயுவைத் தடுக்காது.

அமிலமோ காரமோ உடலில் தெறித்தால் செய்ய வேண்டியது வேறு. அங்கே ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது. நனைந்த உடையைக் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டாலும் இமையைத் திறந்து பிடித்து அதே 15 நிமிடம். சுண்ணாம்பு போன்ற உலர்ந்த தூளாக இருந்தால் முதலில் தட்டிவிட்டுப் பிறகு கழுவுங்கள். பற்பசை, தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். விழுங்கிவிட்டவரை வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

அடுத்து, பெயர். நம் தோட்டங்களில் களைக்கொல்லியை 'மருந்து' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மருந்து அடிக்கப் போகிறேன் என்று சொல்லித்தான் நம் தாய்மார்கள் பாராகுவாட் தெளித்தார்கள். விழுங்கினால் முறிவு மருந்தே இல்லாத அந்த நஞ்சு 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் முழுமையாகத் தடை செய்யப்பட்டது. ஒன்றின் உண்மைப் பெயர் தெரியாதபோது அதன்மீது பயமும் வருவதில்லை.

பெயர் தெரியாவிட்டால் மருத்துவரும் தடுமாறுவார். மின்னணுத் தொழிற்சாலைகளில் பயன்படும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் பட்டால் கழுவினால் மட்டும் போதாது, கால்சியம் குளூகோனேட் களிம்பும் தேவை. 'ஏதோ அசிட் பட்டுவிட்டது' என்று சொன்னால் மருத்துவருக்கு எப்படித் தெரியும்? 2019 மார்ச்சில் ஜொகூர் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் சட்டவிரோதமாக இரசாயனக் கழிவு கொட்டப்பட்டபோது, கொட்டியது என்ன என்பதை நிபுணர்கள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குச் சென்றனர். தொழிற்சாலையில் மறைத்த பெயருக்குப் பள்ளிப் பிள்ளைகள் விலை கொடுத்தார்கள்.

ஒவ்வொரு இரசாயனத்துக்கும் 16 பகுதிகள் கொண்ட பாதுகாப்புத் தகவல் தாள் இருக்க வேண்டும். அதன் நான்காம் பகுதி முதலுதவி. 2013ஆம் ஆண்டு விதிமுறைப்படி அந்தத் தாளும் கலன் மீதான சீட்டும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். தமிழ் மட்டுமே தெரிந்த அக்காவுக்கும், நேப்பாளத்திலிருந்து வந்த தம்பிக்கும் அதை யார் படித்துச் சொல்வது? முதலாளியும் மேற்பார்வையாளரும்தான் புரியும் மொழியில் விளக்க வேண்டும். எழுத்துத் தெரியாதவரும் சிவப்புக் கட்டத்துக்குள் இருக்கும் மண்டையோட்டுப் படத்தை அடையாளம் காணப் பழகலாம்.

துப்புரவுப் பணி செய்யும் சகோதரிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. குளோராக்ஸ் போன்ற வெளுப்புத் திரவத்தையும் கழிவறை கழுவும் அமிலத்தையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். பளிச்சென்று ஆகும் என்று கலப்பார்கள். கிளம்பி வருவது குளோரின் வாயு. மினரல் வாட்டர் பாட்டிலில் எந்தத் திரவத்தையும் ஊற்றி வைக்கவும் வேண்டாம்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்கள் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளன. கடமை தவறும் முதலாளிக்கு முன்பு 50,000 ரிங்கிட்டாக இருந்த உச்ச அபராதம் இன்று 500,000 ரிங்கிட். உடனடி ஆபத்து இருப்பதைத் தெரிவித்தும் முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், அங்கிருந்து விலகும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிப்பது முதலாளியின் கடமை. சின்னக் காயம்தானே, கிளினிக்கில் பார்த்துக்கொள் என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

முதலாளிமார்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கண் கழுவும் குழாயைப் பொருத்திவிட்டு அதன் முன்னே பெட்டிகளை அடுக்கி வைத்தால், அந்தக் குழாய் இருந்தும் இல்லாததுதான். அபாய மணி ஒத்திகையில் இரவு வேலைக்காரர்களையும் ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விபத்து பகல் வேலை நேரம் பார்த்து வருவதில்லை.

நேயர்களே, நாளை வேலைக்குப் போனதும் மூன்று கேள்விகள் கேளுங்கள். நான் கையாளும் பொருளின் பெயர் என்ன? கழுவும் தண்ணீர் எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது? நான் விழுந்தால் என்னைத் தூக்கப் பயிற்சி பெற்றவர் யார்? மூன்றில் ஒன்றுக்குப் பதில் கிடைக்காவிட்டாலும், கிடைக்கும் வரை விடாமல் கேளுங்கள். உங்களுக்காக மட்டுமல்ல. நீங்கள் விழுந்தால் யோசிக்காமல் ஓடி வரப்போகும் உங்கள் நண்பருக்காகவும்தான்.