நூறு கன்று கேட்டுப் போனோம்



நூற்றாண்டு நினைவாக 100 மரக்கறிக் கன்றுகள் வழங்குவோம் என்று எமது வகுப்பினர் தீர்மானித்தபோது, அது ஒரு காலைநேர வேலை என்றே நினைத்தோம். ஒருகொடவத்தையில் ஒரு நாற்றுமேடைக்கு ஐந்து பேர் போனோம். அயலிலுள்ள தொடர்மாடிப் பெண்கள் சேர்ந்து செய்யும் தோட்டங்களுக்குக் குறைந்த விலையில் கன்று கொடுக்கும் இடம் அது.

அதை நடத்தும் அம்மாவிடம் 100 கன்று என்றோம். அவர் மகிழவில்லை. “யார் பிள்ளை தண்ணி ஊத்துறது?” என்று கேட்டார்.

2022ஆம் ஆண்டை நினைவூட்டினார். மரக்கறி விலை ஏறிய காலம். வீட்டுத்தோட்டம் செய்யவென்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறையும் வந்தது. மிளகாய், கத்தரிக் கன்றுகளுக்கு அவரிடம் வரிசை நின்றதாம். “விலை இறங்கினதும் கன்று காய்ஞ்சு போச்சு. சாடி மட்டும் மழைத்தண்ணியோட கிடந்துச்சு” என்றார்.

எங்களில் மருத்துவர்களான இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். 2017இல் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு டெங்கு என்று பதிவானது. அந்த நாட்களில் வார்டில் கட்டில் போதாமல் நின்றவர்கள் நாங்கள். கவனிப்பாரில்லாத சாடி நுளம்புக்கே நாற்றுமேடை. முட்டை நுளம்பாவதற்கு ஒரு வாரம் பத்து நாள் போதும். தண்ணீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. உட்சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்தும் பல மாதம் உயிரோடு இருக்கும். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவவேண்டும்.

அதற்காகத் தோட்டம் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. இரத்தச்சோகையுள்ள தாய்மாருக்குக் கீரை சாப்பிடுங்கள், தேசிக்காய்ப்புளி விடுங்கள், சாப்பாட்டோடு தேநீர் குடிக்காதீர்கள் என்று கிளினிக்கில் தினமும் சொல்கிறோம். அந்தக் கீரையை வாங்கக் காசு இருக்கிறதா என்று கேட்க மறந்துவிடுகிறோம். வாசலில் ஒரு பை பொன்னாங்காணி இருந்தால் எமது சொல்லுக்கும் பொருள் உண்டு.

கடைசியில் அந்த அம்மா 25 கன்றுகள்தான் தந்தார். வல்லாரை, பொன்னாங்காணி, பசளி, மிளகாய். எல்லாவற்றையும் அடியில் துளையிட்ட பைகளில் வைத்து, தட்டு வேண்டாம் என்றார். அவை உயிரோடிருந்தால் மூன்று மாதத்தில் அடுத்த 25. ஆக, எமது நூற்றாண்டுப் பரிசு முடிய ஒரு வருடமாகும்.

இப்போது ஞாயிறுதோறும் இருவர் முறைவைத்துத் தோட்டத்துக்குப் போகிறோம். முதல் 25இல் மூன்று போய்விட்டன, 22 நிற்கின்றன.

கனடாவிலும் லண்டனிலும் மெல்பேர்னிலும் இருக்கும் சகோதரிகளே, காசு அனுப்பட்டுமா என்று கேட்கிறீர்கள். நன்றி. அதைவிட ஞாயிற்றுக்கிழமை எங்களில் ஒருத்தியை அழைத்து, “தோட்டத்துக்குப் போனாயா?” என்று கேளுங்கள். வகுப்புத் தலைவி கேட்பாள் என்று பயந்து வீட்டுவேலை செய்தவர்கள்தானே நாம்!