நம் பெயர்களும் அவற்றின் பொருளும்

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகின்றோம்.

 

குழந்தை பிறந்த வீட்டார் முன்பெல்லாம் நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், நல்ல பெயராக ஒன்று சொல்லுங்கள்" என்பார்கள். இப்போது கைப்பேசியில் ஒரு பெயரைக் காட்டி, "இதற்கு என்ன பொருள்?" என்கிறார்கள். கேட்பது நன்றே. பிறப்புச் சான்றிதழில் ஏற்றிய பிறகு கேட்பதுதான் சங்கடம். ஓசை இனிமையாக இருந்தது, அதனால் வைத்தோம் என்கிறார்கள். மற்றொருபுறம், பாட்டியின் பெயரை வைக்கச் சொன்னால், "அது பட்டிக்காட்டுப் பெயர், இஸ்லாமியப் பெயர் அன்று" என்று ஒதுக்குகிறார்கள். இவ்விரண்டையும் பற்றியே இன்று பேச எண்ணினோம்.

அரபிப் பெயர் தமிழ் நாவில் புழங்கும்போது ஓசை மாறும். அதனால் பெயர் கெட்டுவிடாது. சீறாப்புராணம் பாடிய புலவர் பெருமானை உமறுப் புலவர் என்கிறோம்; உமர் என்பதே தமிழ் ஓசைக்கு இசைய உமறு ஆயிற்று. கீழக்கரை வள்ளல் ஷைகு அப்துல் காதிர் மரைக்காயர் மக்கள் நாவில் சீதக்காதி ஆனார். அப்பெயராலேயே அவருடைய கொடையைத் தமிழகம் நினைவில் வைத்திருக்கிறது. முஹ்யித்தீன் என்றால் மார்க்கத்திற்கு உயிரூட்டுபவர். ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்து கி.பி. 1166-இல் மறைந்த அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களின் சிறப்புப் பெயர் அது. அதுவே நம் தெருக்களில் முகையதீன் என்றும் மைதீன் என்றும் வழங்குகிறது. மைதீன் என்று அழைக்கப்படும் முதியவர் தம் பெயருக்காக வெட்கப்பட வேண்டியதில்லை.

நம் பாட்டிமார் பெயர்களையும் பாருங்கள். பாத்துமுத்து என்பதில் முதற்பாதி ஃபாத்திமா. பால்குடி மறக்கச் செய்தல் என்ற வேர்ச்சொல்லிலிருந்து வந்த பெயர். பிற்பாதி நம் கடலில் விளைந்த முத்து. இரண்டிலும் என்ன குறை? தொழுகை, நோன்பு ஆகியன தமிழ்ச் சொற்களே. பள்ளி என்பதோ சமண முனிவர்களின் உறைவிடத்தையும் குறித்த சொல். நம் முன்னோர் அவற்றைத் தயங்காமல் எடுத்தாண்டார்கள். தமிழை அரபி எழுத்தில் எழுதிக் கிதாபுகள் இயற்றியவர்களும் அவர்களே. ராவுத்தர் என்றால் குதிரை வீரர். மரைக்காயர் என்பதை மரக்கலத்தோடு தொடர்புபடுத்துவோரும் உண்டு, கப்பலைக் குறிக்கும் மர்கப் என்ற அரபிச் சொல்லோடு தொடர்புபடுத்துவோரும் உண்டு.

அண்ணலார் (ஸல்) அவர்களின் வழிமுறையும் இதற்கு இடம் தருகிறது. உமர், உஸ்மான், ஹம்ஸா என்பன இஸ்லாத்திற்கு முன்பே அரபியரிடையே வழங்கிய பெயர்கள். அவற்றை மாற்றுமாறு நபியவர்கள் கூறவில்லை. பொருள் தீயதாக இருந்தபோது மட்டும் மாற்றினார்கள். உமர் (ரலி) அவர்களின் மகள் ஒருவருக்கு, மாறு செய்பவள் எனப் பொருள்படும் ஆஸியா என்ற பெயர் இருந்தது. அதனை ஜமீலா, அழகி, என மாற்றினார்கள். ஹஸ்ன், அதாவது கரடுமுரடான நிலம், என்ற பெயருடைய ஒருவரிடம், ஸஹ்ல், எளிமை, என்று வைத்துக்கொள்ளுமாறு கூறினார்கள். தந்தை இட்ட பெயரை மாற்றமாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். அதன் பின் அந்தக் கடுமை தம் குடும்பத்தை விட்டு நீங்கவில்லை என்று அவருடைய பேரர் ஸயீத் பின் முஸய்யப் (ரஹ்) கூறியது புகாரியில் பதிவாகியுள்ளது.

ஒரு விளக்கம் இங்கே அவசியம். இந்த ஹதீஸைக் கேட்டுவிட்டு, ஆசியா என்ற பெயருடைய நம் வீட்டுப் பெண்களைப் பெயர் மாற்றச் சொல்வோர் உண்டு. தமிழில்தான் இரண்டும் ஒன்று போல் எழுதப்படுகின்றன. நபியவர்கள் மாற்றியது ஐன், ஸாத் எழுத்துகளால் ஆனது. நம் பெண்களின் பெயர் அலிஃபும் ஸீனும் கொண்டது. ஃபிர்அவ்னின் மனைவியாக இருந்தும் ஈமானைக் காத்த அம்மையாரின் பெயர். அதை ஏன் மாற்ற வேண்டும்?

எழுத்து மயக்கம் இத்தோடு நின்றுவிடவில்லை. உற்ற நண்பர் என்பதும் கலீல். அற்பமானது என்பதும் தமிழில் எழுதினால் கலீல். அனைத்தும் அறிந்தவன் என்பதும் அலீம். நோவினை தருவது என்பதும் அலீம். படைத்தவனின் அடியான் என்ற பொருளில் வைக்கும் பெயரை அப்துல் ஹாலிக் என்று எழுதி, எழுதியபடியே படித்தால், தலை மழிப்பவரின் அடிமை என்றாகிவிடும்! வைத்தவரின் நோக்கம் தூயது, பெயரில் குற்றமில்லை. ஆனால் தமிழ் எழுத்தை மட்டும் கண்டு பொருள் சொல்ல முற்படுபவர் தடுமாறுவார். கைப்பேசியில் கிடைக்கும் பெயர்ப் பட்டியல்களில் நாம் காணும் பிழைகளிற் பல இவ்வகையின.

இவற்றைவிட நம்மை வருத்துவது பெயரை வெட்டுவது. அப்து என்றால் அடியான். அதனோடு ஒட்டிய 'உல்' அடுத்த சொல்லைச் சேர்ந்தது. ஆகவே அப்துல் என்று மட்டும் அழைப்பது, "இன்னாருடைய அடியான்" என்பதில் அந்த இன்னார் யாரென்று சொல்லாமல் விடுவதாகும். முற்பகுதியை வெட்டி ரஹ்மான், ரஸ்ஸாக், குத்தூஸ் என்று மனிதனை அழைப்பது அதனினும் பெரிய தவறு. அவை இறைவனுக்கே உரியவை. ரஹீம், கரீம், ரஷீத் போன்றவை அவ்வாறல்ல. அவை மனிதருக்கும் வழங்கும்.

வெட்டுவது இப்போது தாள்களிலும் நடக்கிறது. நமக்குத் தந்தை பெயரின் முதலெழுத்தே வழக்கம்; குடும்பப் பெயர் இல்லை. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை நிரப்புவதற்காக அப்துர் ரஹ்மானை இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். பின்னர் வளைகுடாவில் அவர் மிஸ்டர் ரஹ்மான் ஆகிவிடுகிறார். 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா, வருகை விசாக்களில் அனுமதிப்பதில்லை என ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் என்ற விளக்கமும் சில நாட்களில் வந்தது. அந்த அச்சத்தில் பெயரைப் பிளக்க வேண்டாம். குடும்பப் பெயர்க் கட்டத்தில் தந்தையின் பெயரை எழுதுங்கள். பிள்ளையின் பெயர் முழுமையாக இருக்கட்டும்.

அகீகா நாளில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் வேறோர் எழுத்துக்கூட்டல் என்றிருந்தால், வாரிசுச் சான்றிதழுக்கு அலையும் நாளில் பிள்ளைகள் படும் பாடு சொல்லி முடியாது. பெயரின்றிப் பிறப்பைப் பதிந்திருந்தால் பன்னிரண்டு மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். பதினைந்து ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். ஆதலால் அவசரமின்றிக் கேட்டறிந்து வைக்கலாம்.

நிர்வாகத்திடம் நாம் வைக்கும் வேண்டுகோள் ஒன்று உண்டு. நமது நிக்காஹ் தஃப்தரில் மணமக்களின் பெயர்களைத் தமிழில் எழுதுவதோடு, அரபி எழுத்திலும் எழுத ஒரு பத்தி ஒதுக்க வேண்டும். எழுதித் தரும் பொறுப்பை நாமே ஏற்றுக்கொள்கிறோம். வஸ்ஸலாம்.