நிறுவனத்தின் விலாசமும் வங்கியின் ஏடும்

(திருவண்ணாமலையில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனப் பொறுப்பாளர்களிடையே ஆற்றிய உரை)



நிலக்கடலை மிகுதியாக விளையும் இம்மாவட்டத்தில், விளைபொருளைத் தாமே சேர்த்து விற்க உழவர்கள் கூடி உற்பத்தியாளர் நிறுவனங்களை அமைத்திருக்கின்றனர். 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கம்பெனிச் சட்டத்தில் இடம் பெற்ற அமைப்பு இது. பத்து உழவர் சேர்ந்தால் தொடங்கலாம். இயக்குநர் ஐவருக்குக் குறையலாகாது. கொள்முதல் பற்றியும் விலை பற்றியும் நாம் நிறையப் பேசுகின்றோம். நிறுவனத்தைக் குறித்த விவரங்கள் வங்கியின் ஏட்டில் சரியாக உள்ளனவா என்று வினவுவோர் அரியர். ஆயினும் கணக்கின் இயக்கம் தடைப்படுமாயின், கடலையை எடை போட்டுக் கொடுத்த உழவருக்கு அன்று பணம் கிடையாது. அடுத்த மூட்டையை அவர் வியாபாரியிடமே கொண்டு செல்வார்.

இடம் பெயராமலே விலாசம் மாறுவதும் உண்டு. 1989-இல் வட ஆர்க்காடு மாவட்டம் பிரிந்து திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் உண்டாயிற்று; பின்னர் அப்பெயரும் சுருங்கிற்று. 2024-இல் இந்நகராட்சி மாநகராட்சியாயிற்று. அண்ணாமலையார் கோயில் இருந்த இடத்திலேயே இருக்கின்றது. கடிதத் தலைப்புகள்தாம் மாறின!

பெரும்பாலும் மாற்றம் வேறு வகையில் வரும். அலுவலகம் இயக்குநர் ஒருவரின் வீட்டிலிருந்து கிடங்கிற்கு மாறும். இயக்குநரின் பதவிக்காலம் ஐந்தாண்டுக்கு மேற்படாதாகையால், காசோலையில் கையொப்பமிடுவோரும் மாறுவர். பதிவு அலுவலகம் ஓர் ஊருக்குள்ளேயே மாறினால் இயக்குநர் குழுவின் தீர்மானம் போதும். ஊரெல்லை கடந்தால் உறுப்பினர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும். பின்னர் 30 நாட்களுக்குள் ஐ.என்.சி.-22 படிவத்தைக் கம்பெனிப் பதிவாளருக்கு மின்வழியே அனுப்புதல் வேண்டும். இட உரிமையாளரின் இசைவுக் கடிதமும், இரண்டு மாதத்திற்கு மேற்படாத மின்கட்டண ரசீது போன்ற சான்றும் உடன் இருத்தல் அவசியம். இயக்குநர் மாற்றத்திற்கு டி.ஐ.ஆர்.-12 படிவம், கெடு அதே 30 நாட்கள்.

பதிவாளரின் ஏடு திருந்திவிட்டால் வங்கியின் ஏடும் தானே திருந்திவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. ஆவணம் மாறிய 30 நாட்களுக்குள் வாடிக்கையாளரே வங்கிக்குத் தெரிவித்தல் வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தீர்மான நகல், பதிவாளருக்கு அனுப்பிய படிவத்தின் நகல், புதிதாகக் கையொப்பமிடுவோரின் அடையாளச் சான்று ஆகியவற்றைக் கிளைக்கு எடுத்துச் செல்க. 10 விழுக்காட்டுக்கு மேல் பங்குடையவர் யார் என்றும் வங்கியில் கேட்பார்கள். நூற்றுக்கணக்கான உழவர் சிறு சிறு பங்கு கொண்ட நிறுவனத்தில் அத்தகையவர் ஒருவரும் இரார். அதனை எடுத்துரைத்து, நிருவாகத்தின் தலைமைப் பொறுப்பிலுள்ளவரின் விவரத்தைத் தருக.

நம் கருத்தில், விலாசத்தினும் பெரிது கைபேசி எண். பணம் அனுப்பும்போது வரும் கடவெண், பதிவான எண்ணுக்கே செல்கின்றது. விலகிச் சென்ற நிருவாகியின் எண் அங்கே நிற்குமாயின், பெட்டியைப் பூட்டிச் சாவியை அயலாரிடம் விட்டது போலாகும். அவர் நல்லவரே ஆயினும் அவ்வெண்ணை அன்றே மாற்றுவது தகும். விவரம் திருத்துவதாகச் சொல்லித் தொலைபேசியில் எவரேனும் கடவெண் கேட்டால் சொல்லற்க. எந்த வங்கியும் அதனைக் கேட்பதில்லை.

கிளைக்குச் சென்றவர்கள் மனுவின் மறுபடியில் தேதியும் முத்திரையும் பெற்று வருக. சில நாட்கள் கழித்து, புதிய எண்ணுக்குச் செய்தி வருகின்றதா என்று சிறு தொகை ஒன்றை அனுப்பிப் பாருங்கள். கார்த்திகைத் தீப நாட்களில் இந்நகரில் நடப்பதற்கே இடமிராது; அதற்கு முன்னரே இவ்வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.